கடை பார்க்கப் போய் ஊர் பார்த்தோம்

சென்னையில் நாற்பது வருடங்களாக மொத்த வியாபாரம் செய்கிறோம் என்று சொல்லிக் கொள்கிறோமே தவிர, சென்னை எங்களுக்குத் தெரியுமா என்று கேட்டால் தெரியாது என்பதுதான் உண்மை. காலையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, மதியம் பாங்க், மாலையில் வசூல், இரவில் வீடு. வடக்கே மண்ணடி, தெற்கே சென்ட்ரல். அதற்கு அப்பால் உள்ள சென்னைக்குக் கல்யாண வீடு, துக்க வீடு என்று போய் வந்திருக்கிறோம். வியாபாரி கண்ணோடு பார்த்ததில்லை.

பார்க்க வைத்தவர் சிந்தாதிரிப்பேட்டையில் மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. முப்பத்திரண்டு வருடமாக எங்களிடம் சரக்கு எடுப்பவர். ஒரு செக் திரும்பியதில்லை. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் கடைக்கு வந்து, சிட்டை கொடுக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டோம். கட்டடத்தை விற்கப் போகிறார்களாம், தை மாதத்துக்குள் காலி செய்ய வேண்டுமாம். பி.காம். படித்த மகன் பழைய மாமல்லபுரம் சாலைப் பக்கம் போய்விடலாம் என்கிறான். அண்ணாச்சிக்கு மனம் வரவில்லை. "முதலாளி, நீங்களும் வந்து ஒரு கண் பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

ஒளிப்பானேன், அவரிடம் எங்கள் பாக்கியும் கொஞ்சம் நிற்கிறது. ஓடுகிற கடையில் நிற்கும் பாக்கி வேறு, மூடிய கடையில் நிற்கும் பாக்கி வேறு என்பது நம் வணிகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே ஞாயிறு விடுமுறையில் புறப்பட்டோம். அண்ணாச்சி, அவர் மகன், நாங்கள், எங்கள் பக்கத்துக் கடைக்காரர் என நான்கு பேர்.

புறப்படும் முன் கொத்தவால் சாவடிக்குள் ஒரு நடை போனோம். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு அது வெறும் பெயர். கன்னிகா பரமேஸ்வரி தேவஸ்தானத்து இடத்தில் இருந்த அந்தச் சந்தைதான் ஒரு காலத்தில் சென்னைப் பட்டணம் முழுவதற்கும் காய்கறி, பழம், வாழையிலை கொடுத்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆடியப்ப நாயக்கன் தெருவில் லாரி நுழைந்தால், அது வெளியே போவதற்குள் பொழுது விடிந்துவிடும். காலடியில் முட்டைக்கோஸ் இலையும் சேறுமாக வழுக்கும். மூட்டை தூக்குபவர்கள் "ஓரம், ஓரம்" என்று கத்திக்கொண்டு ஓடுவார்கள். 1996-ல் அதைக் கோயம்பேட்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் பேசாத பேச்சில்லை. "சாவடி போனால் ஜார்ஜ் டவுனே போச்சு, இன்னும் ஐந்து வருடத்தில் இங்கே நாய்கூட வராது" என்றார்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். கோயம்பேட்டில் இடம் பார்க்கக்கூடப் போனோம். அத்துவானமாகத் தெரிந்தது, திரும்பிவிட்டோம்.

நடந்தது இரண்டும் இல்லை. காய்கறி போயிற்று. மளிகை, குங்குமம், பிளாஸ்டிக், உலர்பழம் எல்லாம் நின்றன. ஆண்டர்சன் தெருவில் பேப்பர் நின்றது, கோடவுன் தெருவில் ஜவுளி நின்றது. அழுகும் சரக்குக்கு லாரி பக்கத்தில் வர வேண்டும், அழுகாத சரக்குக்கு வாடிக்கைக்காரர் வந்தால் போதும். இந்தச் சின்ன விஷயம் அன்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மண்ணடியில் மெட்ரோ ரயில் ஏறினோம். எங்கள் தெருவுக்கு அடியிலேயே ரயில் ஓடுகிறது என்பது இன்னும் நம்ப முடியாததாகத்தான் இருக்கிறது. சென்னையில் முதல் மெட்ரோ 2015 ஜூன் 29-ல் கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் இடையே ஓடியது. மண்ணடிக்கு வந்தது 2019 பிப்ரவரியில்தான். சென்ட்ரலில் பூமிக்கு அடியிலேயே வண்டி மாறினோம். 1873-ல் கட்டிய சென்ட்ரல் ஸ்டேஷனும், 1913-ல் கட்டிய ரிப்பன் மாளிகையும் எங்கள் தலைக்கு மேலே இருந்தன. பார்க்காமலே கடந்துவிட்டோம். மெட்ரோவின் குறை அது ஒன்றுதான்.

அண்ணா நகர் டவர் ஸ்டேஷனில் இறங்கினோம். அந்தக் கோபுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1968-ல் சென்னையில் உலக வர்த்தகக் கண்காட்சி நடந்தது. அதற்காகக் கட்டியது இந்த விஸ்வேஸ்வரய்யா கோபுரம், உயரம் 135 அடி. அதற்கு முன் அது நடுவக்கரை என்ற கிராமம். கண்காட்சி முடிந்தது, கோபுரம் நின்றது, சுற்றிலும் நேர்க்கோடு போட்டது போல அகலமான தெருக்களோடு அண்ணா நகர் எழுந்தது. வியாபாரத்துக்காகக் கூட்டிய கூட்டம் ஒரு நகரையே விட்டுச் சென்றிருக்கிறது என்பதில் எங்களுக்கு ஒரு பெருமை. பல ஆண்டுகள் மூடிக் கிடந்த கோபுரத்தை 2023-ல் மறுபடியும் திறந்தார்கள். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி, கீழேயே உட்கார்ந்துவிட்டார். மகன் மட்டும் மேலே ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மரமா இருக்கு அப்பா, கடையே தெரியலை" என்றான்.

கடை தெரியாமல் இல்லை. இரண்டாவது அவென்யூவில் இறங்கி நடந்தால் கடை தவிர வேறொன்றும் இல்லை. ஒரு சந்தில் காலியான கடை ஒன்று இருந்தது. அகலம் பத்தடி. வீட்டுக்காரர் பத்து மாத வாடகை அட்வான்ஸ் கேட்டார். தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக்கொள்ளாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் எழுதிப் பதிவும் செய்ய வேண்டும். நம் சில்லறை வியாபாரிகளில் பலருக்கு இது தெரிவதில்லை. பக்கத்துக் கடைக்காரர் அந்தச் சட்டத்தை எடுத்துச் சொன்னார். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு, "அப்ப வேற விதமா எழுதிக்கலாம் சார்" என்றார்.

அங்கிருந்து கோயம்பேடு. முப்பது வருடத்துக்கு முன் அத்துவானம் என்று திரும்பி வந்தோமே, அந்த இடம். 295 ஏக்கர், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள். 2002-ல் பக்கத்திலேயே புறநகர் பஸ் நிலையம் வந்தது, பிறகு மெட்ரோ வந்தது. சந்தை போன பின்னால்தான் ஊர் அங்கே போயிற்று. முதலில் போய்க் கஷ்டப்பட்டவர்கள் பிழைத்தார்கள். நாலு வருடம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போனவர்களுக்கு வாடிக்கை கிடைக்கவில்லை. கேலி செய்தவர்களில் எங்களையும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

ஆனாலும் பெரிய சந்தைக்குப் பெரிய கண்டமும் உண்டு. கொரோனாவின்போது கோயம்பேட்டில் நோய் பரவியதால் 2020 மே 5 அன்று சந்தை மூடப்பட்டது. மே 5 என்ன நாள் என்று நம் வணிகர்களுக்குத் தெரியும். வணிகர் தினம். கொடி ஏற்றி மாநாடு கூட்டும் நாளில் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சந்தைக்குப் பூட்டு. காய்கறியைத் திருமழிசைக்குக் கொண்டு போனார்கள், பழத்தை மாதவரத்துக்கு. மழை பெய்து திருமழிசை சேறானபோது, பழைய கொத்தவால் சாவடி ஞாபகம் வந்ததாக அங்கே ஒரு தக்காளி மண்டிக்காரர் எங்களிடம் சொன்னார். செப்டம்பர் கடைசியில்தான் காய்கறிச் சந்தை மறுபடி திறந்தது. அந்த ஐந்து மாதத்தில் தெருவுக்குத் தெரு சோறு போட்டவை அண்ணாச்சி கடைகள்தான்.

அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது.

அடுத்த ஞாயிறு கடற்கரை ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினோம். தியாகராய நகரைப் பற்றி மகனுக்கு ஒரு சேதி சொன்னோம். 1920-களில் மாம்பலத்துப் பெரிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய நகர் அது. யார் பெயரை வைத்தார்கள்? வண்ணாரப்பேட்டைக்காரரான பிட்டி தியாகராயர் பெயரை. நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர், நெசவுத் தொழிலில் பெரும் வியாபாரி. வடசென்னைக்காரர் பெயரைத் தென்சென்னை சுமக்கிறது என்றோம். பாண்டி பஜார் என்று எல்லோரும் சொல்கிறோமே, அதன் சரியான பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. பட்டிவீரன்பட்டி ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன் பெயர் அது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "நம்ம ஆளு பேரை நாமளே பாண்டின்னு சுருக்கிட்டமே" என்றார்.

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையம் வரை 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை 570 மீட்டர் நீளம். மேலே நின்று ரங்கநாதன் தெருவைப் பார்த்தோம். தலைகளைத் தவிரத் தரை தெரியவில்லை. பாண்டி பஜாரில் 2019-ல் நடைபாதையை அகலமாக்கி, உட்கார இருக்கைகள் போட்டிருக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறது. ஆனால் மளிகைக்கு அங்கே இடம் கேட்க நாங்கள் முயலவேயில்லை. பட்டும் பாத்திரமும் நகையும் கொடுக்கிற வாடகையை உளுந்தும் புளியும் கொடுக்க முடியாது. இன்னொன்றும் மனதில் இருந்தது. 2017 மே 31 அன்று உஸ்மான் சாலையில் பெரிய ஜவுளிக்கடை ஒன்று தீப்பற்றி, கட்டடத்தையே இடிக்க வேண்டி வந்தது. சுற்றியிருந்த சிறு கடைகள் எத்தனை நாள் ஷட்டரைத் திறக்க முடியாமல் இருந்தன! நம் சரக்குக்கு நாம் இன்ஷூரன்ஸ் செய்திருந்தாலும், பக்கத்துக் கட்டடத்தின் தீயால் நம் வியாபாரம் நின்றால் அதற்கு அந்தச் சரக்கு இன்ஷூரன்ஸ் தருவதில்லை.

பிறகு பஸ் பிடித்துப் பழைய மாமல்லபுரம் சாலைக்குப் போனோம். இப்போது ராஜீவ் காந்தி சாலை. எங்கள் வயதுக்காரர்களுக்குக் கேளம்பாக்கம் என்றால் உப்பளம், அவ்வளவுதான். 2000-ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது. அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணாடிக் கட்டடங்கள். பஸ்ஸில் உட்கார்ந்து கழுத்தை வளைத்து மாடிகளை எண்ணிக்கொண்டு வந்தோம். சாலை நடுவே மெட்ரோ வேலை நடந்துகொண்டிருந்ததால் எண்ணுவதற்கு வேண்டிய நேரம் கிடைத்தது. மகன்தான் கதை சொல்லிக்கொண்டு வந்தான், இந்தக் கம்பெனி, அந்தக் கம்பெனி என்று. அவன் முகத்தில் ஒரு வெளிச்சம். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை.

சோழிங்கநல்லூர் உள்தெரு ஒன்றில் மகன் பார்த்து வைத்திருந்த கடை இருந்தது. புதுக் கட்டடம், டைல்ஸ் தரை, எதிரே பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் காவலாளி, நோட்டு, கேமரா. "எத்தனை வீடு பாருங்க மாமா" என்றான் எங்களிடம். பார்த்தால் ஆசையாகத்தான் இருந்தது.

அண்ணாச்சி கடைக்குள் போகவில்லை. எதிர்ப்புறம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, அந்தக் குடியிருப்பின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அரை மணி நேரம். பிறகு சொன்னார், "பை மாட்டின பையனுங்க வண்டி நாப்பத்தொண்ணு உள்ளே போச்சு. கையில பை எடுத்துக்கிட்டு வெளியே வந்த வீட்டு ஆளு ரெண்டு பேர். அதுல ஒருத்தர் நாயைக் கூட்டிக்கிட்டு வந்தார்." பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து தரும் கம்பெனிகள் அங்கே முன்னாலேயே கால் ஊன்றிவிட்டன. முப்பத்திரண்டு வருடம் கல்லாவில் உட்கார்ந்தவரின் கணக்கு அது. எந்தப் புத்தகத்திலும் இல்லாத கணக்கு.

எங்களுக்கு வேறொரு கேள்வி இருந்தது. காவலாளியிடம் 2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். அவர் சுவரில் இடுப்பளவுக்குக் கை வைத்துக் காட்டினார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது? முழங்கால் என்றார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் பக்கத்தில் இருக்கிறது. மழைத் தண்ணீர் போக வேண்டிய இடமெல்லாம் வீடாகிவிட்டால், தண்ணீர் வீட்டுக்குத்தானே வரும்? புதிய பகுதியில் கடை பார்க்கும் எவரும் வாடகையைக் கேட்பதற்கு முன் தண்ணீர் அடையாளத்தைக் கேட்க வேண்டும். பருப்பு மூட்டை நனைந்தால் காய வைத்து மாட்டுத் தீவனத்துக்காவது தள்ளலாம். சர்க்கரை மூட்டை நனைந்தால் சாக்கு மட்டும்தான் மிஞ்சும். 2015-ல் சைதாப்பேட்டை வாடிக்கைக்காரர் ஒருவர் எங்கள் முன்னால் காலிச் சாக்குகளை உதறிக் காட்டினார், கேட்க வந்த பாக்கியைக் கேட்காமல் திரும்பினோம்.

திரும்பலாம் என்றபோது அண்ணாச்சியே, "பெரும்பாக்கம் இங்கிருந்து எவ்வளவு தூரம்?" என்று கேட்டார். மகனுக்கு முகம் சுருங்கியது. ஷேர் ஆட்டோவில் போனோம்.

காரணம் இல்லாமல் கேட்கவில்லை. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவக் கரையில் இருந்த குடியிருப்புகளை எடுத்து, அங்கிருந்த ஜனங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டு போனார்கள். குடிசை மாற்று வாரியம் என்று 1970-லிருந்து நாம் அறிந்த வாரியம் கட்டிய எட்டு மாடி வீடுகள். 2021-ல் அதன் பெயரை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். சிந்தாதிரிப்பேட்டைக் கடையில் வியாபாரம் சரிந்தது அந்த வருடங்களில்தான். கட்டடம் விற்பது இப்போது வந்த விஷயம். கடையின் உயிர் அப்போதே பாதி போய்விட்டது என்று வழியில்தான் அண்ணாச்சி எங்களிடம் சொன்னார். அவர் பற்று நோட்டில் பாதிப் பக்கங்கள் ஊரை விட்டுப் போனவர்கள் பெயரில் இருக்கின்றனவாம்.

சுற்றுலாப் புத்தகங்களில் பெரும்பாக்கம் இல்லை. வரிசை வரிசையாக ஒரே மாதிரிக் கட்டடங்கள், ஜன்னலுக்கு ஜன்னல் துணி. இறங்கி ஐந்து நிமிடம் நடந்திருப்போம். "அண்ணாச்சி!" என்று ஒரு குரல். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண், கையில் தண்ணீர்க் குடம். குடத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் அண்ணாச்சி. அம்மா போய்ட்டாங்க, ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க எங்க இந்தப் பக்கம்?"

கடை பார்க்க வந்தோம் என்றார். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் எங்களை விடவில்லை. ஆறாவது மாடியில் கூவக் கரைக்காரர்கள் இத்தனை பேர், அடுத்த கட்டடத்தில் இத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணினாள். பெண்களில் பலர் சோழிங்கநல்லூர், நாவலூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகிறார்கள். நாங்கள் சற்று முன் பார்த்தோமே, அந்த அடுக்குமாடிகளுக்குத்தான். வீட்டு வாசலிலேயே சாமான் வைத்து விற்கிறார்கள், பத்து ரூபாய்ப் பருப்பு என்றால் உள்ளங்கை நிறையாது, எண்ணெய் கேட்டால் நேற்று வந்த ஆள் போல நோட்டு இல்லை என்கிறார்கள் என்று குறை சொன்னாள். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "எங்க பாக்கி இன்னும் நோட்டுல இருக்கா அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

முந்தானையில் முடிந்திருந்த இருநூறு ரூபாயை எடுத்து நீட்டினாள். அண்ணாச்சி வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சட்டைப் பையில் வைத்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. நல்ல வியாபாரி அப்படிச் சொல்ல மாட்டார், கொடுக்க வந்த கையைத் தள்ளினால் அடுத்த முறை அந்தக் கை கடைக்கு வராது.

திரும்பும் பஸ்ஸில் தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளவில்லை. எங்களிடம் அபிப்பிராயம் கேட்டார்கள். சொன்னோம். பெரும்பாக்கத்தில் சில்லறை சின்னது, கடன் அதிகம், ஒரு கிலோ வாங்கும் ஆள் குறைவு. ஆனால் தினமும் வாங்கும் ஆள் அதிகம், சரக்கு தேங்காது. சோழிங்கநல்லூரில் ஒரு சிட்டைக்கு வரும் தொகை பெரியது, ஆனால் அந்தச் சிட்டை நம் கைக்கு வர வேண்டுமே! தண்ணீர் இரண்டு இடத்திலும் பயம்தான், ஆகவே வாசல்படி உயரமாக இருந்தால் மட்டும் எடுங்கள் என்றோம். மகன் மட்டும், "இதுக்கு நான் பி.காம். படிச்சிருக்க வேண்டாம்" என்றான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

தை பிறந்து இரண்டாம் வாரம், பெரும்பாக்கம் மெயின் ரோட்டில் நான்கு படி ஏறிப் போகும் ஒரு கடைக்கு அண்ணாச்சி அட்வான்ஸ் கொடுத்தார். மூன்று மாத வாடகை, எழுத்தில் ஒப்பந்தம். மகன் காலையில் கல்லாவில் உட்காருகிறான், மாலையில் வண்டி எடுத்துக்கொண்டு சோழிங்கநல்லூரில் நாலு வீட்டுக்குச் சாமான் கொண்டு போய்த் தருகிறான். இப்போதைக்கு நாலு வீடுதான்.

அண்ணாச்சி அனுப்பிய முதல் சிட்டை எங்கள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. பாசுமதி இல்லை, முந்திரி இல்லை. சரம் சரமாக மிளகாய்த்தூள், இரண்டு ரூபாய் சீயக்காய், ஐம்பது கிராம் டீத்தூள், பட்டாணி, பழைய புளி ஒரு சிப்பம், பற்று நோட்டு ஒரு டஜன். குட்டி யானை வண்டி விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தெருவிலிருந்து புறப்படுகிறது. சிந்தாதிரிப்பேட்டைக்குக் கொடுத்ததைவிட வண்டி வாடகை அதிகம். முதல் ஆறு மாதத்துக்கு அதில் பாதி எங்கள் கணக்கு.